அமத்திட்டன் உம்மா

“போன்ல மோட்டர் போடுறதோ? கிணத்துல தண்ணி இல்லெண்டா அத போனுக்கு யாரு புள்ள சொல்லுவா?”

எங்கள் ஊரில் வயரிங் வேலை செய்யும், அண்ணன் முறையில் எல்லோரும் ‘நானா’ என்று கூப்பிடும் ஒருவர், போன வருடம் எங்கள் வாசலில் மோட்டர் சைக்கிளை நிறுத்திவிட்டு என்னைக் கேட்ட கேள்வி இது. கேட்டுவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் நின்ற உம்மாவும் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

எங்கள் வீடு கற்பிட்டிப் பக்கம், களப்புக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள மணல் காணியில் இருக்கிறது. வாப்பா வெங்காயமும் மிளகாயும் செய்கிறார். அவருக்குக் கையெழுத்து மட்டும் வைக்கத் தெரியும். உம்மா அழகாகக் குர்ஆன் ஓதுவார், ஆனால் தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாது. இரண்டு பக்கக் குடும்பத்திலும் பள்ளிக்கூடப் படிப்பை முழுதாக முடித்த முதல் ஆள் நான். உயர்தரப் பரீட்சைக்குத் தொழில்நுட்பம் எடுத்துப் பாஸாகி, இப்போது புத்தளத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் படிக்கிறேன். இதைச் சொல்லும்போது என் குரலில் கொஞ்சம் பெருமை ஏறும். ஏறட்டும், அதற்கு நான் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

அந்தப் பெருமையில்தான் ரிலே போர்ட் ஒன்றை வாங்கி வந்தேன். கையகலப் பலகை. அதில் நான்கு சின்னச் சுவிட்சுகள். இன்டர்நெட் வழியாகப் போனிலிருந்து கட்டளை போனால் ‘டக்’ என்று அவை தாமாகவே மூடும், திறக்கும். ஒன்றில் கிணற்று மோட்டர், ஒன்றில் வாசல் லைட், ஒன்றில் வாப்பாவின் ஃபேன். நான்காவது சும்மா இருந்தது. போனில் ஓடும் செயலியையும் நானே எழுதினேன். எங்கள் பக்கம் கரண்ட் அடிக்கடி போவதால், கரண்ட் இல்லாத நேரம் கொடுக்கும் கட்டளை வரிசையில் காத்திருந்து, கரண்ட் வந்ததும் நிறைவேறும்படி செய்திருந்தேன். மோட்டர் பழுதாகக் கூடாதென்று, ஓடத் தொடங்கினால் ஒரு நிமிடத்துக்கு நிற்காது என்றும் எழுதியிருந்தேன். இரண்டுமே கெட்டித்தனம் என்று நினைத்தேன்.

கிணற்றடிச் சுவிட்சை நான் கழற்றவில்லை. அதற்குப் பக்கத்தில் இன்னொரு வழியாக ரிலேயை இணைத்தேன். சுவிட்சைப் போட்டாலும் மோட்டர் ஓடும், போனில் தொட்டாலும் ஓடும். அதாவது, சுவிட்ச் ஓஃபில் இருந்தாலும் போன் நினைத்தால் மோட்டர் ஓடும். இந்தக் கடைசி வசனத்தை அப்போது நான் மனதுக்குள்கூடச் சொல்லிப் பார்க்கவில்லை.

உம்மாவுக்குப் பெரிய சந்தோஷம். “மகள் புத்தளத்தில இருந்து தண்ணி அடிக்கிறா” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். தாங்கியில் தண்ணீர் முடிந்தால் எனக்கு வொய்ஸ் மெசேஜ் போடுவார். நான் வகுப்பிலிருந்தே மோட்டரைப் போடுவேன்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் விளக்கை அணைப்பதும் அடுப்பை அணைப்பதும் ‘அமத்துறது’தான். மணி பட்டனை அழுத்துவதும் ‘அமத்துறது’தான். அணைப்பதை மட்டும் சொல்ல ஊரில் ‘நூருறது’ என்று வேறொரு சொல்லும் உண்டு. செயலியை உம்மாவுக்குக் காட்டிய நாளில் நான், “இந்தப் பச்சை வட்டத்த அமத்தினா மோட்டர் ஓடும் உம்மா” என்று சொல்லிக் கொடுத்தேன். அதிலிருந்து உம்மாவும், “தண்ணி முடிஞ்சி, மோட்டர அமத்துங்க மகள்” என்றே சொல்லிப் பழகிவிட்டார்.

அன்று பரீட்சைக்கு முந்திய வாரம். காலை பத்து மணியிருக்கும், வகுப்பில் இருந்தேன். உம்மாவின் மெசேஜ் வந்தது. காதோடு வைத்துக் கேட்டேன். “மகள், மோட்டர ஒருக்கா அமத்துங்களே.” அவ்வளவுதான். தாங்கி காலி என்று நினைத்துப் பச்சை வட்டத்தைத் தொட்டேன். வீட்டைக் காட்டும் புள்ளி சாம்பல் நிறத்தில் இருந்தது. ஊரில் கரண்ட் இல்லை. பரவாயில்லை, வந்ததும் ஓடும். வாயருகே போனை வைத்து, “அமத்திட்டன் உம்மா” என்று பதில் போட்டுவிட்டுப் பாடத்துக்குத் திரும்பினேன்.

அரை மணித்தியாலம் கழித்து இன்னொரு மெசேஜ். உம்மாவின் குரலில் ஒரே குதூகலம். “இந்தா மகள், நீங்க அமத்திட்டீங்க எண்டோனதான் வாப்பா மோட்டர்ட பொட்டியக் கழட்டினார். ரெண்டு நாளா முக்கிட்டு நிண்டிச்சி, ஒங்களுக்குச் சோதினையெண்டு சொல்லல்ல. வயரொண்டு கழண்டிருக்காம். மோட்டர் மகள்ட கையில இருக்கிற வரைக்கும் பயமில்ல எண்டு வாப்பா சொல்றார்.”

உம்மா கேட்டது ‘அணைத்து வை’ என்று. நான் செய்தது ‘ஓடு’ என்று. கிணற்றடிச் சுவிட்ச் ஓஃபில் இருந்தும் இந்த மோட்டர் ஓடக்கூடும் என்பதை, அதை இணைத்துப் பூட்டிய நான் யோசிக்கவில்லை. எழுத்துத் தெரியாத உம்மா யோசித்திருக்கிறார். அதனால்தான் என்னிடம் கேட்டிருக்கிறார். நானோ, “அமத்திட்டன்” என்று சொல்லி வாப்பாவின் கையை அந்த வயருக்கு அனுப்பியிருக்கிறேன்.

உடனே நிறுத்தும் வட்டத்தைத் தொட்டேன். ‘காத்திருக்கிறது’ என்று காட்டியது. எங்கே காத்திருக்கிறது? ‘ஓடு’ என்ற கட்டளைக்குப் பின்னால், வரிசையில். முதலில் மோட்டர் ஓடும். ஒரு நிமிடம் கழித்துத்தான் நிற்கும். நானே எழுதிய ஒரு நிமிடம்.

உம்மாவுக்கு அழைத்தேன். மணி போனது, எடுக்கவில்லை. வயரைப் பிடிக்கக் கிணற்றடிக்குப் போயிருப்பார், போன் வீட்டுக்குள் கிடக்கும். மறுபடி எடுத்தேன், மறுபடியும். வாப்பாவிடம் போன் இல்லை. பக்கத்து வீட்டு மாமியின் போன் அணைக்கப்பட்டிருந்தது. பஸ் ஏறினால் வீட்டுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல். கரண்ட் எந்த நிமிடமும் வரலாம்.

அந்த நேரத்தில் எங்கள் வீட்டுக்கு விரைவாகப் போகக்கூடிய, மின்சாரம் தெரிந்த ஒரே ஆள் அந்த வயரிங் நானாதான். எண் என்னிடம் இருந்தது. விரல் அதன்மேல் போய் நின்றது. வெட்கம்தான். வாப்பாவின் உயிர் ஒரு பக்கம் இருக்க, இன்னொரு பக்கம் என் வெட்கம் வந்து நின்ற அந்த ஒரு கணத்தை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

“சொல்லுங்க இன்ஜினியர்” என்றார் எடுத்த உடனே.

“நானா, வாப்பா மோட்டர்ல கை வச்சிட்டிருக்கார். கரண்ட் வந்தா தானா ஓடும். சுவிட்ச் நூத்திருந்தாலும் ஓடும். நான்தான் பிழையாப் பூட்டிட்டன். மெயின் சுவிட்ச நூருங்க நானா, கெதியாப் போங்க.”

அவர் சிரிக்கவில்லை. ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மோட்டர் சைக்கிளை உதைக்கும் சத்தம் கேட்டது, அழைப்பு அறுந்தது.

வகுப்பிலிருந்து வெளியே வந்து வராந்தாச் சுவரில் சாய்ந்து நின்றேன். போன் திரையில் அந்தச் சாம்பல் புள்ளி. பச்சையானால் ஊரில் கரண்ட் வந்துவிட்டது, ரவுட்டர் எழும்பிவிட்டது, மோட்டரும் ஓடுகிறது என்று அர்த்தம். இத்தனை மாதமும் அது பச்சையாக இருக்க வேண்டுமென்று எத்தனை தரம் ஆசைப்பட்டிருப்பேன்! அன்று, யா அல்லாஹ், சாம்பலாகவே இருக்கட்டும், சாம்பலாகவே இருக்கட்டும் என்று வாய் தானாக முணுமுணுத்தது. ஓத வேண்டியதெல்லாம் மறந்து அந்தச் சொல் மட்டும்தான் வந்தது.

புள்ளி பச்சையானது.

அதன் கீழே ‘மோட்டர்: ஓடுகிறது’ என்று எழுத்து வந்தது. நான் தேர்ந்தெடுத்த எழுத்து, நான் தேர்ந்தெடுத்த நிறம். சுவர்க் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். பத்துப் பதினைந்து விநாடி இருக்கும். திரும்பவும் சாம்பலானது.

அது இன்னும் மோசமாக இருந்தது. நானா மெயினை நூத்திருக்கலாம். அல்லது, ஒருவர் உடம்பில் கரண்ட் பாய்ந்தாலும் ட்ரிப் சுவிட்ச் தானாக விழும், அப்போதும் புள்ளி சாம்பலாகும். இரண்டும் என் திரையில் ஒரே மாதிரித்தான் தெரியும். எது என்று காட்ட என் செயலியில் ஒன்றுமே இல்லை.

நானாவின் அழைப்பு வர நாலைந்து நிமிடம் ஆனது. எடுத்தேன். அந்தப் பக்கம் காற்றும் காகமும். பிறகு போன் கைமாறும் சத்தம்.

“மகள்” என்றார் வாப்பா. போனில் அவருக்கு என்ன பேசுவதென்று எப்போதும் தெரியாது. “சாப்டீங்களா?” என்று கேட்டார்.

அந்த வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதேன்.

நடந்ததை வீட்டுக்குப் போய்த்தான் முழுதாக அறிந்தேன். நானா வருகிற வழியிலேயே ஒரு கடையில் லைட் எரிவதைக் கண்டிருக்கிறார். கரண்ட் வந்துவிட்டது. எங்கள் ரவுட்டர் எழும்ப எடுக்கும் ஒரு நிமிடம்தான் மிச்சம் என்பது அவருக்குத் தெரியாது. ஆனால் வேலியிலிருந்தே, “காக்கா, கையெடுங்க! கையெடுங்க!” என்று வாப்பாவைக் கூப்பிட்டுக் கத்தியிருக்கிறார். யார் கத்துவது என்று பார்க்க வாப்பா குறட்டோடு எழும்பித் திரும்பியிருக்கிறார். இரண்டடி வைத்திருப்பார். பின்னால் மோட்டர் உறுமி, திறந்திருந்த வயரில் பொறி பறந்திருக்கிறது. உம்மா அலற, நானா ஓடிப்போய் மெயினை இறக்கியிருக்கிறார்.

வாப்பா என்னை ஏசவில்லை. உம்மாதான் திரும்பத் திரும்பக் கேட்டார். “நீங்கதானே மகள் அமத்திட்டன் எண்டீங்க?”

“ஓம் உம்மா, அமத்தினேன்தான்” என்றேன். வேறென்ன சொல்ல? இருவரும் சொன்னது உண்மை.

அடுத்த நாள் நானா வந்து கிணற்றடிச் சுவிட்சைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “சுவிட்ச் ஓஃப்ல நிக்கிது, மோட்டர் ஓடுது. இது எந்த ஊர் வயரிங் புள்ள?” என்றார். இருவருமாக வயரை மாற்றினோம். இப்போது அந்தச் சுவிட்ச் எல்லாவற்றுக்கும் முன்னால் இருக்கிறது. வாப்பா அதை நூத்தால் போனும் நானும் என்ன செய்தாலும் மோட்டர் ஓடாது. கட்டளை காத்திருக்கும் வரிசையையும் அழித்துவிட்டேன். உம்மா ‘அமத்து’ என்ற சொல்லையே விட்டுவிட்டார். “மகள், மோட்டர ஓடாமப் பண்ணுங்க” என்று நீட்டி முழக்கிச் சொல்கிறார். நானும் “மோட்டர் ஓடாமப் பண்ணிட்டன் உம்மா” என்று முழுதாகத்தான் பதில் போடுகிறேன்.

அந்த ரிலே போர்டை எங்கள் வீட்டில் மட்டும் பூட்டியிருந்தால் இது இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் உம்மாவின் பேச்சைக் கேட்டு ஊரில் இன்னும் மூன்று வீட்டார் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கேயும் இதே போர்டை இதே மாதிரித்தான் பூட்டிக் கொடுத்திருந்தேன். இரண்டு இரவு தூக்கமில்லை. அவர்களிடம் போனால், படித்த பிள்ளை என்ற பேர் என்னாகும்?

போனேன். முதல் வீட்டு மாமி, “நல்லாத்தானே வேலை செய்யிது, ஏன் புள்ள கழட்டுற?” என்று கேட்டார். “நான் பூட்டினது பிழை மாமி” என்றேன். வழிநெடுக மனப்பாடம் செய்துகொண்டு போன வசனம், அப்படியும் தடுமாறித்தான் வந்தது. இரண்டாம் வீட்டில் கொஞ்சம் இலேசாக வந்தது. இன்று காலை மூன்றாவது வீட்டிலும் குறட்டோடு போய் நின்று, அவர்கள் கேட்கும் முன்னே நானே சொல்லிவிட்டேன். இதுவரை எந்தப் பரீட்சைக்கும் நான் இவ்வளவு பயந்ததில்லை, எந்தப் பரீட்சையும் என்னை இந்த அளவுக்குப் படித்தவளாக உணர வைத்ததும் இல்லை.