தொயோமியின் சக்களத்தி

என் தங்கை தொயோமிக்குப் பொறாமை உண்டு. பக்கத்து வீட்டுக்காரியின் பட்டு கிமோனோ மேல் இல்லை, அரிசி மேல். சிரிக்காதீர்கள், அவள் வயிற்றெரிச்சலைக் கேட்டால் உங்களுக்கும் சிரிப்பு வராது.

அவள் புருஷன் கிஹச்சிரோவின் குடும்பம் தலைமுறை தலைமுறையாய் சாக்கே என்னும் அரிசி மது வடிக்கிறது. அவரும் தம்பியும்தான் வேலைக்காரர்கள். பனி விழத் தொடங்கிவிட்டால் அந்த மனிதர் வீட்டுக்கு ஆகமாட்டார். வெந்த அரிசியில் பூசணம் ஏற்றி, சாக்கேக்கு வேண்டிய கோஜி ஆக்க ஒரு மர அறை. உள்ளே கோடை வெக்கை. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, அரிசியைத் துணியில் பொத்தி, போர்வை போர்த்தி, தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். தொயோமி காய்ச்சலில் கிடந்தபோது அவள் நெற்றியைத் தொடாத கை அது.

"சக்களத்தின்னா மயிரைப் பிடிச்சு இழுக்கலாம்கா. இதை என்ன பண்றது?" என்பாள்.

அந்த அறைக்குள் பெண்கள் போகக்கூடாது என்ற கட்டுப்பாடு அவள் மாமியாரோடு போயிற்று. ஆனாலும் இருபத்திரண்டு குளிர்காலமாய், "உனக்கெதுக்கு அந்த வேலை?" என்றே அவளை வெளியில் நிறுத்தினார். ஒரே ஒரு தடவை உள்ளே போய் அந்த அரிசியில் கை வைக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

இதில் இன்னொரு கொடுமை. வடிக்கிற மாதங்களில் அந்த வீட்டில் யாரும் நட்டோ தொடக்கூடாது. நூல் நூலாய் இழுபடும் அந்தப் புளித்த சோயாவைத் தின்றவர் உள்ளே போனால், அதன் கிருமி தொற்றிக் கோஜி மொத்தமும் வழுவழுத்துவிடும். தொயோமிக்கோ நட்டோ என்றால் உயிர்.

போன ஜனவரியில் ஒரு காலை மூச்சு வாங்க என் வீட்டுக்கு வந்தாள்.

"என் கல்யாணத்துக்கு அம்மா குடுத்த போர்வையை எடுத்துட்டுப் போய் அவளுக்குப் போர்த்திட்டாருக்கா!"

"எவளுக்குடி?"

"அந்தக் கோஜிக்குத்தான்! என்னை உள்ளயே விடல, என் வாய்க்கு மட்டும் எதுக்குப் பூட்டு? நட்டோ போடு."

போட்டேன். ஆமாம், நான்தான் போட்டேன். சுடுசோற்றில் இரண்டு கிண்ணம் தின்றாள், கண்ணில் நீரோடு.

அவள் கிண்ணத்தைக் கழுவி வைப்பதற்குள் நாஹோ பனியில் விழுந்தடித்து ஓடி வந்தாள். தொயோமியின் கொழுந்தன் பெண்டாட்டி, கல்யாணமாகி மூன்று மாதம்.

"அக்கா, பெரியவரு கூரைப் பனி தள்ளும்போது விழுந்துட்டாரு. இடுப்பு அசையல. எங்க வீட்டுக்காரரும் டவுனுக்குப் போயிருக்காரு."

நானும் கூடவே ஓடினேன். பாயில் கிடந்த கிஹச்சிரோவுக்கு வலியைவிட அரிசிதான் கவலை.

"தொயோமி, உடனே புரட்டணும், சூடேறிடும். நீ உள்ள போ."

இருபத்திரண்டு வருஷம் காத்திருந்த வார்த்தை. அவள் முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே வெளுத்தது. அவள் காதில் நான் கிசுகிசுத்தேன். "வாயைக் கொப்பளிச்சிட்டுப் போடி. யாருக்குத் தெரியப் போகுது?"

அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"நான் காலையில நட்டோ சாப்பிட்டேங்க."

அவர் திட்டவில்லை. கண்ணை மூடித் திறந்தார்.

"நாஹோ, நீ போம்மா. முதல்ல கையை நல்லாத் தேய்ச்சுக் கழுவு."

அவர் படுத்தபடியே ஒவ்வொன்றாய்ச் சொன்னார், அந்தப் பெண் கேட்டுக்கொண்டு போனாள். அறை வாசலுக்கு எட்டாத தூரத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள் தொயோமி. நாஹோ வியர்த்து வழிய வெளியே வந்தபோது உள்ளங்கையில் பருக்கை ஒட்டியிருந்தது. கிஹச்சிரோ அந்தக் கையை வாங்கி முகர்ந்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"பூசணம் நல்லாப் பிடிச்சிருக்கு. உனக்குக் கைவாகு இருக்கும்மா. இனி நீயே உள்ள பாரு."

தொயோமியை என் வீட்டுக்கு இழுத்து வந்தேன். என் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"நாஹோவைப் பார்த்தா வயிறு எரியுதுக்கா. நான் ஒரு பொய் சொல்லியிருந்தா அவரு முகர்ந்திருப்பாரு என் கையை."