நாலு மணி வண்டி

தையல்காரிக்குப் பொய் வராது. "நாளைக்கு ரெடி" என்று சொல்லி மறுநாளே துணியைக் கொடுத்துவிடும் அபூர்வப் பிறவி அவள்.

கணவர் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மறதி நோய் வந்தபின், தினமும் மாலை நான்கு மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

"நீங்க ரிட்டயராகிப் பத்து வருஷமாச்சு" என்று அவள் உண்மையைச் சொன்னாள். அன்றுதான் வேலை போனதுபோல் அவர் அழுதார். மறுநாளும் அதே உண்மை, அதே அழுகை. தன் உண்மை அவரைத் தினம் ஒருமுறை வேலையிலிருந்து துரத்துகிறது என்பது அவளுக்கு உறைக்க ஒரு மாதம் பிடித்தது.

பிறகு நிலையத்து ஆள்போலப் பேசிப் பார்த்தாள். "சார், நாலு மணி வண்டி லேட்டு. உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். அவள் கொடுத்த நோட்டில் 'தாமதம்' என்று எழுதினார். "அந்த டிரைவர் மாமியார் வீட்டுக்குப் போறவன் மாதிரி அசைஞ்சு அசைஞ்சுதான் வருவான்" என்றார். அதன்பின் நான்கு மணிக்கு அந்த வீட்டில் அழுகை இல்லை.

நேற்று எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து கேட்டார். "ஏம்மா, என் சம்சாரம் டீ கொண்டு வருவாளே, இன்னும் காணோமே?"

அவள் தையல் எந்திரத்தின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"அவங்களும் லேட்டுதான் சார்."

அவர் அதையும் நோட்டில் குறித்துக்கொண்டார்.