ரிச்சியின் கல்லறைக்குப் போனேன், இன்னும் போவேன்

"செத்துப் பதினேழு வருசமான பாட்டுக்காரனப் பாக்க லீவு போட்டுட்டுப் போறயா?" என்று என் தம்பி கேட்டான். ஆமாம், போகிறேன். அவன் நடிகரின் கட்அவுட்டுக்குப் பால் ஊற்றப் போனால் அது பக்தி. நாற்பத்து நான்கு வயதுப் பொம்பளை ஒரு ராக் பாடகனின் கல்லறைக்குப் போனால் அது கிறுக்கு. நல்ல நியாயம்!

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். 'மேக்னசைட்' என்ற குழுவில் கிட்டார் வாசித்துத் தமிழில் ராக் பாடியவன் ரிச்சி. மூன்றே கேசட். குடித்துக் கல்லீரல் கெட்டு 38 வயதில் போய்ச் சேர்ந்தான். ராசிபுரத்தில் எங்கள் வீட்டுத் தறிச்சத்தத்தை மீறி என் காதில் விழுந்த ஒரே குரல் அவனுடையது. பிளஸ் டூவோடு படிப்பு போதும் என்று வீட்டில் முடிவான வாரம், அவன் கேசட்டை முழுச் சத்தத்தில் வைத்துவிட்டு, காலேஜுக்குப் போவேன் என்று அப்பாவிடம் கத்தினேன். போனேன். இன்று நாமக்கல்லில் கோழித்தீவன ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். கிறுக்கு என்பவர்கள் இதற்கும் ஒரு பதில் வைத்திருக்கட்டும்.

அக்டோபர் கடைசி வாரம், சனிக்கிழமை காலை 5.45-க்கு நாமக்கல்லில் பஸ் ஏறினேன். சேலம் புதிய பேருந்து நிலையம் 7.10. டிக்கெட் 48 ரூபாய். அங்கேயே இட்லி, வடை, காபி 70 ரூபாய்; சட்னி சுமார்தான். 7.40-க்கு ஜலகண்டாபுரம் பஸ். தாரமங்கலம் வழி, 36 கிலோமீட்டர், 32 ரூபாய். 8.55-க்கு இறங்கினேன். கல்லறைத் தோட்டம் அங்கிருந்து 4 கிலோமீட்டர். ஆட்டோக்காரர் நூறு கேட்டார், எண்பதுக்கு ஒத்துக்கொண்டார்.

"பாட்டுக்காரரு சமாதிக்குங்களா?" என்றார், நான் சொல்வதற்கு முன்பே.

"எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"வெளியூர்க்காரங்க வேற எதுக்குங்க அங்க போறாங்க? எல்லாரும் பையில பாட்டலோடதானுங்க வாராங்க."

என் பையிலும் ஒரு குவார்ட்டர் பிராந்தி இருந்தது. கிண்டல் செய்த அதே தம்பியை விட்டு முந்தின நாளே வாங்கி வைத்தது. கூடவே ஒரு சிகரெட். வெட்கப்பட ஒன்றுமில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். எங்கள் வீட்டில் செத்தவர்களுக்குப் பிடித்ததை வைத்துப் படைப்போம். அப்பா திதிக்கு இன்றும் ஒரு கட்டு பீடி உண்டு.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள் என்பதால் தோட்டத்தில் அங்கங்கே குடும்பங்கள் புல் செதுக்கிச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தன. ரிச்சியின் கல்லறை மேற்குச் சுவர் ஓரம், இரண்டாவது வரிசை. பெயர்க்கல்லில் சின்னதாக ஒரு கிட்டார் செதுக்கியிருக்கிறது. அறுபது வயதிருக்கும் ஓர் அம்மாள் அங்கே காலி பாட்டில்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். கூலிக்கு வந்தவர் என்று நினைத்துக்கொண்டு, என் பிராந்தியைத் திறந்து கல்லின் முன் வைத்தேன்.

"அத எடுங்க," என்றார். "நான் அவன் அக்கா. ஸ்டெல்லா."

பாட்டிலை எடுக்கக் குனிந்தேன். அவர் நிறுத்தவில்லை. "கடைசி எட்டு மாசம் ஒரு சொட்டுத் தொடல அவன். கை நடுங்க நடுங்க ஜெபமாலையப் புடிச்சுட்டு உக்காந்திருப்பான். அந்தப் பாடுபட்டு உட்டவனுக்கு வருசா வருசம் வந்து ஊத்தறீங்களே, உங்களுக்கெல்லாம் மனசே இல்லீங்களா? ஃபாதர்கிட்டச் சொல்லிட்டேன். திருநாள் முடிஞ்சதும் இந்தக் கல்லப் பேத்தெடுத்தர்றோம். பேரில்லாட்டி ஒருத்தரும் வரமாட்டீங்க."

பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்ச் சுவருக்கு வெளியே கவிழ்த்தேன். முகம் எரிந்தது. ஆனாலும் திரும்பி வந்து சொன்னேன்: "தப்புத்தானுங்க்கா. எங்க ஊட்டு மொறைன்னு நெனச்சு வெச்சுட்டேன். ஆனா நீங்க கல்ல எடுத்தாலும் நான் வருவேன். மேக்கால செவுரு, ரெண்டாவது வரிசை. எனக்குத் தெரியும்." பிறகு காலேஜ் கதையைச் சொன்னேன். எந்தக் கேசட், எந்தப் பாட்டு, எந்த இடத்தில் கிட்டார் உயரும், எல்லாம் சொன்னேன்.

அவர் சாக்கைக் கீழே போட்டுவிட்டுக் கல்லறைத் திண்டில் உட்கார்ந்தார். "பதினேழு வருசத்துல எங்கிட்ட அவன் பாட்டப் பத்திப் பேசுன மொத ஆளு நீதான் சாமி. எல்லாரும் எவ்வளவு குடிப்பான்னுதான் கேப்பாங்க," என்று சொல்லி அழுதார். நானும் அழுதேன்.

சுண்ணாம்பு மட்டையை வாங்கி வடக்குப் பக்கம் முழுவதும் நானே அடித்தேன். அடித்துக்கொண்டே, அவனுக்கு உண்மையில் என்னதான் பிடிக்கும் என்று கேட்டேன்.

"தட்டுவடை செட்டு. பூண்டுக் காரம் தூக்கலா. ஒரே மூச்சுல ரெண்டு பிளேட்டு."

கிளம்பும்போது கல்லைப் பற்றி மறுபடி கேட்டேன். அவர் முழுசாக இளகவில்லை. "திருநாளன்னிக்குச் சாயங்காலம் பூசைக்கு வருவேன். ஒரே ஒரு பாட்டல் கெடந்தாலும் கல்லு இருக்காது."

போகிறவர்களுக்கு: நாமக்கல்லிலிருந்து போய்வர எல்லாம் சேர்த்து 500 ரூபாய்க்குள் முடியும். அங்கே கடை இல்லை, தண்ணீர் கொண்டு போங்கள். மெழுகுவர்த்தி, பூ, சேலத்துத் தள்ளுவண்டியில் வாங்கிய ஒரு பிளேட் தட்டுவடை செட் போதும். அவன் குடியைக் கொண்டாடுகிறவர்களுக்கு அவன் பாட்டு காதில் ஏறவே இல்லை என்பேன். கோபம் வந்தால் கமெண்ட்டில் திட்டுங்கள், அழிக்க மாட்டேன்.

நவம்பர் 2 அன்று இன்னொரு லீவு போட்டிருக்கிறேன். காலை ஒன்பது மணியிலிருந்து அக்கா வரும்வரை கல்லறைத் தோட்டத்துக் கேட்டில் நிற்பேன். பையைத் திறந்து காட்டாமல் எந்த ரசிகனும் என்னைத் தாண்டி உள்ளே போக முடியாது.