தப்பா எழுதச் சொன்ன அம்மா

இன்று அவலூர்பேட்டை பஸ்ஸில் பக்கத்தில் ஒரு சமண வீட்டு அம்மா. “பொழுது சாயறதுக்குள்ள சாப்புடணும், இருட்டுனா பூச்சி வந்து விழும்” என்றார்.

பிறகு, “நீ இன்னா வேலம்மா செய்யிற?”

“எறும்பு மருந்த ஐரோப்பாவுல விக்க அனுமதி கேட்டு பேப்பர் ரெடி பண்றேம்மா. வீட்லருந்தே.”

“எறும்பு சாவுதா இல்லியான்னு எழுதணுமா?”

“ஆமா. எவ்ளோ நேரத்துல சாவுதுன்னும் எழுதணும்.”

பிறகு மெதுவாகக் கேட்டார்.

“நீ சரியா எழுதலன்னா?”

“அனுமதி தர மாட்டாங்க.”

“அப்ப தப்பா எழுதிடேன்.”

சொல்லிவிட்டு, செஞ்சியில் இறங்கிப் போய்விட்டார்.

இரண்டு வருடமாகத் தனி அறையில் உட்கார்ந்து இந்த வேலை செய்கிறேன். இதைப் பற்றி ஒருவர் இத்தனை கேள்வி கேட்டது இன்றுதான்.

அந்த அம்மா வழக்கமாக எந்த பஸ்ஸில் வருவார், யாருக்காவது தெரியுமா?