நீதிபதி பிளெட்சோவின் இரண்டாவது கைகுலுக்கல்

கொக்கிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நீதிபதி ஆல்டன் பிளெட்சோ தன் அங்கியை என் சலவைக்கடை மேசையில் வைப்பார். வெள்ளிக்கிழமைதோறும், மதியச் சாப்பாட்டுக்கு முன். ஆள் அனுப்பலாம், அனுப்ப மாட்டார்.

"கறுப்புத் துணியில அழுக்கு தெரியாதுன்னு ஏமாத்திராத, வெர்னான்."

"உங்க தீர்ப்புல தப்பு தெரியுதா என்ன? அது மாதிரிதான் ஜட்ஜ்."

முகத்தில் ஒன்றும் காட்ட மாட்டார். வாசல் தாண்டியதும் தோள் குலுங்கும்.

நான் ஆறாவதோடு படிப்பை விட்டவன். இன்று வர்ஜீனியாவில் என் பெயரில் மூன்று சலவைக்கடைகள் இருக்கின்றன. யாரிடமும் கைகட்டி நின்று வந்ததில்லை. அவரும் அப்படி வந்தவர்தான். அப்பா புகையிலை ஆலையில் மூட்டை தூக்கினார். மகன் வக்கீலாகி, கீழ்க்கோர்ட்டில் ஒன்பது வருடம் நீதிபதியாக இருந்தார். பிறகு மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஜனாதிபதி அவர் பெயரைச் சொன்னார். சொன்னதோடு சரி. மாநிலத்து செனட்டர்கள் சம்மதச் சீட்டு அனுப்பினால்தான் பெயர் நகரும்; எங்கள் செனட்டர் ஒருவர் அதை அனுப்பவே இல்லை. காரணமும் சொல்லவில்லை. கூட்டத்தொடர் முடிந்ததும் பெயர் திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினார்கள், மறுபடி திரும்பியது. நாலு வருடம்.

பதவியேற்பில் மனைவி அங்கி மாட்டிவிடுவது வழக்கம். அதற்கென்றே நீலத்தில் ஒரு கவுன் எடுத்து வைத்திருந்த அவர் மனைவி கொரின், மூன்றாம் தடவை பெயர் தேறுவதற்கு ஐந்து வாரம் முன்னால் இறந்துபோனாள். அந்தக் கவுனையும் நான்தான் தேய்த்துக் கொடுத்தேன், அடக்கத்துக்கு.

அங்கி மாட்ட என்னைக் கூப்பிட்டார். பெரிய மனிதர்கள் இருநூறு பேர் பார்க்க, தோளில் ஒரு சுருக்கம் விழாமல் மாட்டினேன். வேறு எவனுக்கும் அது வந்திருக்காது.

இந்த நீதிமன்றத்தில் ஒரு பழக்கம் உண்டு. வாதம் முடிந்ததும் மூன்று நீதிபதிகளும் மேடையை விட்டு இறங்கி, இரண்டு பக்க வக்கீல்களின் கையையும் குலுக்குவார்கள். பத்தொன்பது வருடமாக அவரும் இறங்குகிறார். என் துணி எப்படி நிற்கிறது என்று பார்க்க நான் அவ்வப்போது பின்வரிசையில் போய் உட்காருவேன். போன மாதம் இறங்கினார், குலுக்கினார், மேலே ஏறினார். கிளம்பிக்கொண்டிருந்த பெண் வக்கீலைப் பார்த்து, "உங்க வாதத்தை ஆரம்பிங்கம்மா," என்றார். அவள் விழித்தாள். பக்கத்து நீதிபதி குனிந்து இவர் காதில் ஏதோ சொன்னார். இவர் மறுபடி இறங்கிப்போய் மறுபடி குலுக்கினார். ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஆயுள் பதவி. அவராக விட்டால்தான் உண்டு. கோர்ட்டில் எவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை நான் திறந்தேன்.

"போதும் ஜட்ஜ். ராஜினாமாவ நீங்களே எழுதிக் குடுத்துருங்க."

"கொரின் காத்துக் காத்து உசுர விட்ட நாற்காலிடா அது."

"தெரியும். அதுல உக்காந்து ஒருத்தனுக்குத் தப்பாத் தீர்ப்புச் சொல்லிட்டீங்கன்னா?"

அங்கியின் கழுத்துப்பட்டியை வெகுநேரம் நீவிக்கொண்டிருந்தார்.

"எத்தன பேரு பாத்தாங்க?"

"எல்லாரும்தான்."

காகிதம் கேட்டார். கொடுத்தேன். நின்றபடியே ஜனாதிபதிக்கு நாலு வரி எழுதினார். அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. கையெழுத்தும் போட்டார். மேலே தேதி எழுதப்போன பேனா அங்கேயே நின்றது. தேதியைத் தேடுவது போல ஜன்னலைப் பார்த்தார்; தெருவைப் பார்த்தார். பிறகு காகிதத்தை என் பக்கம் திருப்பி, பேனாவை என் விரல்களுக்கிடையில் வைத்தார்.