பீரங்கிக்குப் பெயர் வந்த கதை

அன்று சோற்றுக்கு உட்கார்ந்தவர்கள் அப்பாவும், அவரோடு இரும்புத் தகடுகளை அழுத்தி வடிவாக்குகிற பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்த சாமல்பட்டிக்காரரும், நானும். அம்மா பரிமாறினாள். அக்கா இல்லை. தையல் கம்பெனியில் அவளுக்கு அந்த ஞாயிறும் வேலை. கரண்டும் இல்லை. எப்போதும் அலறுகிற டி.வி. அதனால்தான் சும்மா இருந்தது.

ஓசூர்க் கம்பெனிகளில் ஆளை ஊர் பெயரால்தான் கூப்பிடுவார்கள். அவர் சாமல்பட்டி, அப்பா அருப்புக்கோட்டை. அவர்கள் நின்ற பெரிய பிரஸ்ஸுக்கும் ஒரு பெயர் இருந்தது: பீரங்கி. அது தகட்டில் இறங்கினால் ஷெட் முழுக்க அதிரும் என்பார்கள். மிஷின் துடைக்கிற காட்டன் வேஸ்ட் பஞ்சைக் காதில் உருட்டி வைத்துக்கொண்டு கைஜாடையிலும் வாயசைவிலும்தான் அங்கே பேச்சு.

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருவன். கிருஷ்ணகிரிக்குப் பஸ்ஸில் போய் பி.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். மலைமேல் கோட்டை தெரிகிற ஊரில் முற்றுகைகளைப் பற்றிப் பாடம் கேட்டுவிட்டு, அதை அப்பாவிடம் சொல்ல அந்த ஞாயிறுக்காகக் காத்திருந்தேன்.

“அப்பா, உங்க பீரங்கிக்கு ஏன் அந்தப் பேர்னு தெரியுமா?” என்று ஆரம்பித்தேன். மேற்கே பிராங்க் என்று ஓர் இனத்தார் இருந்தார்கள். சிலுவைப் போர்க் காலத்தில், ஐரோப்பாவிலிருந்து வந்த எல்லாரையும் அரபிக்காரர்கள் அந்தப் பெயராலேயே குறித்தார்கள். பாரசீகத்தில் அது ஃபிரங்கி ஆனது. கப்பலில் வந்து இறங்கிய போர்த்துக்கீசியருக்கும் அதே பெயர் ஒட்டியது. நம் வாயில் அது பறங்கி. கோட்டைச் சுவரை இடிக்க அவர்கள் கொண்டுவந்த ஆயுதத்தையும் ஜனங்கள் அப்படியே கூப்பிட்டார்கள். பீரங்கி என்றால் அந்நியன் என்றுதான் பொருள்.

“அப்ப பறங்கிக்காயும் அவுக கொண்டாந்ததா?” என்றாள் அம்மா.

“ஆமாம்மா.”

“குண்டும் கொடுத்து, கொழம்புக்குக் காயும் கொடுத்திருக்கான். நல்ல மனுசன்” என்றார் சாமல்பட்டிக்காரர்.

அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தபடி தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அந்தத் தலையாட்டல் எங்களுக்குப் பழகியது. வீட்டுக்கார அம்மா தெலுங்கில் பேசினால் அப்படித்தான் ஆட்டுவார். சூப்பர்வைசர் கன்னடத்தில் கத்தினாலும் அப்படித்தான் என்று சாமல்பட்டிக்காரர் கேலி செய்திருக்கிறார். தெற்கத்தி ஆள், பாஷை பிடிபடவில்லை என்று ஊரே நினைத்தது, நாங்களும் நினைத்தோம். இந்த ஊரில் பாதிப் பேர் பாதிப் பேருக்கு அப்படித்தான் தலையாட்டுகிறார்கள்.

ஆனால் நான் பேசியது தமிழில். அம்மா கேட்டதற்கும் சாமல்பட்டிக்காரர் சொன்னதற்கும் அப்பா அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா அவருக்குப் பின்னால் போய் நின்றாள். “கொழம்பு ஊத்தவா?” என்றாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். இன்னும் சத்தமாகக் கேட்டாள். வாசலில் விளையாடிய பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

சாமல்பட்டிக்காரர் இலையைவிட்டுத் தலையைத் தூக்காமல் சொன்னார். “பின்னாடி நின்னு கேக்காதீங்க அண்ணி. முன்னால வந்து வாயைக் காட்டுங்க.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“அங்க நான் தோளைத் தட்டித்தான் சொல்றது. வெளிய தெரிஞ்சா மிஷின்லருந்து எறக்கிடுவாங்க. கண்ட்ராக்ட் ஆளு, எறக்குனா அப்புறம் கூட்டுற வேலதான். அதான் சொல்லல.”

எல்லாரும் தன்னைப் பார்ப்பதை அப்பா கண்டுகொண்டார். “என்ன பாக்குறீக? பீரங்கியப் பத்தித்தானே சொன்னான். நல்லாத்தான் சொன்னான்” என்றார். நான் சொன்னதில் அந்த ஒரு சொல் மட்டும் அவருக்குக் கிடைத்திருந்தது. அந்தச் சொல்லை உதடுகளில் தினமும் பார்த்தவர்.

அம்மா குழம்பைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குள் போனாள்.

நரம்பு போய்விட்டது, போனது திரும்பாது என்றார் காது டாக்டர். காதுக்கு மிஷின் வைத்தால் கொஞ்சம் கேட்குமாம். அதை வைத்துக்கொண்டு போனால் வேலை போகும் என்று அப்பா மறுத்தார். “பின்னாலருந்து வண்டி வந்தா என்ன செய்வீக?” என்று அம்மா அவர் முகத்துக்கு நேரே நின்று கேட்டாள். அடுத்த வாரம் மிஷின் வாங்க அவரே கிளம்பினார்.

காது மிஷினோடு வேலைக்குப் போன அன்றே பிரஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். துடைப்பம் கொடுத்தார்கள். தகட்டுத் துண்டுகளைக் கூட்டி அள்ளுகிற வேலை, சம்பளம் பாதி. பீரங்கியின் பக்கத்தில் வேறொரு ஊரின் பெயர் நின்றது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அப்பாவிடம் பீரங்கிக் கதையை முழுதாக மறுபடி சொன்னேன். கேட்டுவிட்டு, “அப்ப அந்தப் பறங்கிக்கும் சொந்தப் பேரு கெடையாதா?” என்றார். வேறெதுவும் கேட்கவில்லை.

மிஷினுக்கான பணம் அக்கா கல்யாணத்துக்கென்று கட்டிவந்த சீட்டிலிருந்து வந்தது. தவணை முடியுமுன் ஏலத்தில் தள்ளி எடுத்ததில் கழிவு போகக் கைக்கு வந்தது ஒரு காதுக்கு மட்டும்தான் போதுமாக இருந்தது: ஒன்பதாயிரத்து எண்ணூறு ரூபாய்.