கொம்பில்லாத காளைகள்

எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் இரண்டு காங்கேயம் காளைகள் கொம்பில்லாமல் நிற்கின்றன. புதிதாக வருகிறவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் அப்பா வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

அது ஒரு ரேக்ளா மாட்டுவண்டிப் பந்தயத்தின் போஸ்டர். நான் பிறப்பதற்கு முன்பு சூலூர்ப் பக்கம் நடந்த பந்தயத்தில் அப்பாவின் காளைகள் முதலாவதாக வந்தன. மறுவருடப் பந்தயத்துக்கு அடித்த போஸ்டரில் அவற்றின் படத்தைப் போட்டு, கீழே அப்பாவின் பேரையும் ஊரையும் அச்சடித்திருந்தார்கள். பிற்பாடு அந்தக் காளைகளை விற்றுத்தான் அப்பா விசைத்தறி போட்டார். விற்ற அன்று அவர் சோற்றில் கை வைக்கவில்லை என்று அத்தை சொல்வாள். போஸ்டர் மட்டும் பரண்மேல் சுருண்டு கிடந்தது.

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருடம் அதன் ஓரத்தைக் கரையான் தின்னத் தொடங்கியது. அப்பா பதறிப்போனார். தறியை நிறுத்திவிட்டு, அதற்குக் கண்ணாடி போட அப்பா, அம்மா, நான் மூன்று பேருமாகக் கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினோம். கூட்டத்தில் கண்டக்டர் என்னை மடியில் உட்கார வைக்கச் சொன்னார். மடியில் போஸ்டர் இருக்கிறது என்றார் அப்பா. நான் நின்றுகொண்டே வழியில் வந்த கடைப் பலகைகளையெல்லாம் சத்தமாகப் படித்தேன். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தக் கர்வம் எனக்கு அப்போதே உண்டு.

கண்ணாடிக் கடையில் பாய் போஸ்டரை விரித்ததும் அதையும் படித்தேன். "போன வருடம் முதல் பரிசு வென்ற காளைகள்" என்று தொடங்கி, அப்பாவின் பேர், ஊர்ப்பேர்வரை ஒரே மூச்சில்.

"அடேயப்பா, பாப்பா கடகடன்னு படிக்குதே! யாருங்க சொல்லிக் குடுத்தது?" என்றார் பாய். அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பிறகு அவர் அளந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இருந்ததிலேயே பெரிய கண்ணாடிக்கும் போஸ்டர் நீளமாக இருந்தது. பழைய காகிதம், மடித்தால் ஒடிந்துவிடும். ஒன்று மேலே வெட்ட வேண்டும், இல்லையென்றால் கீழே.

"கீழ எழுத்தை வெட்டிப்போடுங்க பாய். யாரு படிக்கப்போறாங்க" என்றார் அப்பா.

வெளியிடத்தில் அப்பாவை எதிர்த்து அம்மா ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அன்று பேசினாள்.

"எழுத்து இருக்கட்டுங்க. மேல வெட்டுங்க."

"மேலயா? கொம்பு போயிருமே!"

"போனாப் போகட்டுங்க."

"காங்கேயத்து மாட்டுக்குக் கொம்பில்லாட்டி ஊட்டுக்கு வர்றவன் எருமைக் கன்னுன்னு சொல்லுவான்!"

"சொன்னாச் சொல்லீட்டுப் போறாங்க. எழுத்தை மட்டும் வெட்ட வேண்டாமுங்க."

பாய் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். அம்மாவின் கண் கலங்கியிருந்தது. அப்பா வெகுநேரம் அந்தக் கொம்புகளைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "வெட்டுங்க" என்று வாசலுக்குப் போய்விட்டார்.

ஆனால் திரும்பும்போது பஸ்ஸில் அவர் முகம் தெளிந்திருந்தது. என் காதில், "எம் பேரு மேல உங்கம்மாவுக்கு எத்தனை ஆசை பாத்தியா கண்ணு" என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. புருசன் பேரை வாயால் சொல்லாதவள் அம்மா. சுவரிலாவது இருக்கட்டும் என்று நினைத்திருப்பாள்.

அன்றிலிருந்து யார் வந்தாலும், "கண்ணு, அதுல என்ன போட்டிருக்குதுன்னு படிச்சுக் காட்டு" என்பாள். கீரைக்காரம்மாவுக்குப் படித்தேன். தறிக்கு நூல் கொண்டு வருகிறவருக்குப் படித்தேன். ஈரோட்டிலிருந்து வந்த பெரியம்மாவுக்கு ஒரே நாளில் இரண்டு தடவை படித்தேன். சலித்துப்போகும்.

நான் பத்தாவது முடித்த வருடம் சுவரில் ஓதம் ஏறி எழுத்தெல்லாம் கரைந்துவிட்டது. அப்பாவின் பேர் இருந்த இடத்தில் நீலக் கறைதான் மிச்சம். அப்போதும் ஒரு விருந்தாளி முன்னால் அம்மா கூப்பிட்டாள்.

"எழுத்தே இல்லையேம்மா, என்னத்தைப் படிக்க?"

"உனக்குத்தான் தெரியுமே. படி கண்ணு."

கறையைப் பார்த்தபடி பழைய வரிகளை ஒப்பித்தேன். அப்பா காளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா எப்போதும்போல அந்தப் பக்கமே திரும்பாமல் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் பேர் எப்போது வரும் என்று காத்திருக்கிறாள் என்றுதான் அன்றைக்கும் நினைத்தேன்.